கரையும் ஆங்கர், கரையாத துண்டு: தோள் தசைநாண் தைப்புக்குப் பின் ஒன்பதாம் மாதம்

நோயாளி 53 வயது ஆண், வலக்கைப் பழக்கம் உள்ளவர். தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் வீட்டோடு சேர்ந்த இட்லிக் கூடம் நடத்துகிறார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஒன்பது ஆண்டாகச் சர்க்கரை நோய், மாத்திரையில் இருக்கிறார். வலது தோளில், கையைத் தூக்க உதவும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாண் முழுக் கனத்துக்குக் கிழிந்து, மும்பையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு துளைவழிக் கேமரா அறுவை) மூலம் தைக்கப்பட்டது. ஏழு மாதம் தோள் படிப்படியாகத் தேறியது. எட்டாம் மாதத்தில் வலி மெல்லத் திரும்பியது, ஒன்பதாம் மாதத்தில் கை பூட்டிக்கொள்ளத் தொடங்கியது. இந்த நிகழ்வு கற்பிப்பதற்காகக் கோக்கப்பட்டது, தனி ஒருவரின் நோய்க்கோப்பு அல்ல. ஆனால் இதில் வரும் ஒவ்வொரு சிக்கலும் மருத்துவ இலக்கியத்தில் பதிவானதுதான்.

முதல் அறுவைக்கு முந்தைய எம்.ஆர்.ஐ.யில் கிழிசல் முன்பின்னாக 2.2 செ.மீ. தசைநாண் நுனி அதிகம் பின்வாங்கவில்லை. தசையில் கொழுப்பேற்றமும் சொற்பம். தைத்தால் ஒட்டும் என்று எதிர்பார்க்கத்தக்க கிழிசல். இரட்டை வரிசைத் தைப்பு போட்டிருக்கிறார்கள்: குருத்தெலும்பு விளிம்பை ஒட்டி உள்வரிசையில் இரண்டு 5.5 மி.மீ. திருகு ஆங்கர்கள் (தைக்கும் நூலை எலும்பில் நிறுத்தும் சிறு ஆணிகள்), தசைநாண் ஒட்டும் எலும்பு மேடான பெரும்புடைப்பின் வெளிச்சரிவில் முடிச்சில்லாத இரண்டு ஆங்கர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது இவ்வளவே: “நான்கு ஆங்கர், கரையும் வகை.” எந்தப் பாலிமர், எந்த லாட் (தயாரிப்புத் தொகுதி) என்று எதுவும் இல்லை. ஆங்கர் பெட்டியில் வரும் ஸ்டிக்கரின் நகலை மருத்துவமனைப் பதிவறையிலிருந்து பெறப் பதினோரு நாள் ஆனது. அதன் பிறகே நான்கும் பாலி-எல்-லாக்டிக் அமிலம், அதாவது பி.எல்.எல்.ஏ., என்று உறுதியானது. இந்த ஒரு வரி முன்பே கையில் இருந்திருந்தால் நோயறிதல் இரண்டு வாரம் முந்தியிருக்கும். ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் மட்டும் ஒட்டாமல் நோயாளி வீட்டுக்கு எடுத்துப்போகும் காகிதத்திலும் ஒன்று ஒட்டுவது பைசாச் செலவில்லாத வேலை.

அறுவைக்குப் பின் ஆறு வாரம் கைத்தொட்டில் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் அதை நான்காம் வாரத்தில் கழற்றிவிட்டார். ஈரமாவு அண்டா 25 கிலோவுக்குக் குறையாது, விடிகாலை மூன்று மணிக்கு அதை இறக்க வேறு ஆள் இல்லை. இதை முதலில் அவர் சொல்லவில்லை. மனைவியைத் தனியாகக் கேட்டபோது தெரிந்தது. அவர்கள் பக்கத்துப் பேச்சில் விசாரித்த மருத்துவரிடம் பின்னர் அவரே விளக்கினார்: “அண்ணாச்சி, ஆணி தானா கரைஞ்சிரும்னுதான சொன்னீங்க. கரைஞ்சிரும்னு சொன்னதுனாலதான் உள்ள ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சேன் டாக்டரய்யா.” நோயாளிகளிடம் நாம் போகிறபோக்கில் சொல்லும் ‘கரையும்’ என்ற சொல் இப்படித்தான் விளங்கிக்கொள்ளப்படுகிறது. சர்க்கரைக்கட்டி கரைவதுபோல, சில வாரத்தில், சத்தமில்லாமல்.

மூன்றாம் மாதம் கை 150 பாகை வரை தூக்க முடிந்தது. ஆறாம் மாதம் முழு வேலை. எட்டாம் மாதத்தில் இரவு வலி வந்ததும் பக்கத்துக் கிளினிக்கில் தோளில் ஒரு ஸ்டீராய்டு ஊசி. மூன்று வாரம் நிம்மதி, அதே மூன்று வாரத்தில் ரத்தச் சர்க்கரை 340 வரை ஏறியது. பின் வலி முன்னைவிட அதிகமாகத் திரும்பியது, கூடவே ‘கறக் கறக்’ என்ற அரைபடும் ஓசை. இம்ப்ளான்ட் உள்ள மூட்டில் காரணம் தெரியாமல் ஸ்டீராய்டு போடுவது இரண்டு வகையில் கெடுதல்: கிருமி இருந்தால் அது பரவும், கிருமி இல்லாவிட்டாலும் நோயறிதல் தள்ளிப்போகும். இங்கே நடந்தது இரண்டாவது. அந்த மூன்று வாரமும் மூட்டுக்குள் குருத்தெலும்பு தேய்ந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

பரிசோதனையில் காய்ச்சல் இல்லை, தழும்புகள் உலர்ந்து சுத்தமாக இருந்தன, சிவப்போ கசிவோ இல்லை. தானாகத் தூக்கும்போது 100 பாகை, நாம் பிடித்துத் தூக்கினால் 140. சுப்ராஸ்பைனேட்டஸ் வலு ஐந்துக்கு நான்கு. மூட்டைச் சுழற்றும்போது கைவைத்தால் உணரக்கூடிய கரகரப்பு. 70 பாகைக்கு மேல் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கை சட்டென நின்று, சற்றே சுழற்றினால் விடுபட்டது. இந்தப் பூட்டலைக் கவனிக்க வேண்டும். தைத்த தசைநாண் மறுபடி கிழிந்தால் வலு குறையும், வலிக்கும், ஆனால் கை பூட்டிக்கொள்வது அரிது. பூட்டுகிறது என்றால் உள்ளே ஏதோ ஒரு பொருள் உருண்டுகொண்டிருக்கிறது என்று எண்ணித்தான் தொடங்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் ஆங்கர் எதுவும் தெரியவில்லை. தெரியாது, பி.எல்.எல்.ஏ. ஊடுகதிரைத் தடுப்பதில்லை. தெரிந்தது அதன் படுக்கை மட்டும்: முன் உள்வரிசை ஆங்கர் இருந்த இடத்தில் விளிம்பு கெட்டியான ஒரு நீள்வட்டக் குழி. சி.டி.யில் அந்தக் குழி 9 மி.மீ. அகலம், 14 மி.மீ. ஆழம். போட்ட ஆங்கர் 5.5 மி.மீ. எம்.ஆர்.ஐ.யில் ஆங்கரைச் சுற்றியுள்ள நீரை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் வழக்கம் உண்டு. நீரே இல்லை என்றால் 0, ஆங்கரின் முழு நீளத்துக்கும் நீர் சூழ்ந்திருந்தால் 3, நீர்க்குழி ஆங்கரின் விட்டத்தைவிடப் பெரிதானால் 4. இவருடைய முன் உள் ஆங்கர் 4, பின் உள் ஆங்கர் 1, வெளி இரண்டும் 0 அல்லது 1. மூட்டில் நீர் கோத்து, மூட்டின் உட்சவ்வான சைனோவியம் தடித்திருந்தது. மூட்டின் அடிப்பக்கம் அக்குளை நோக்கித் தொங்கும் கக்கப் பையில் இரண்டு சிறு இருண்ட புள்ளிகள். முதல் வாசிப்பில் அவை காற்றுக்குமிழி என்று எழுதப்பட்டிருந்தன. இம்ப்ளான்ட் வகையைச் சொல்லி மறுபடி பார்க்கக் கேட்டபோதுதான் “ஆங்கர் துண்டாக இருக்கலாம்” என்று குறிப்பு மாறியது. ரேடியாலஜிஸ்டுக்குப் போகும் சீட்டில் ‘தோள் வலி, அறுவைக்குப் பின்’ என்று மட்டும் எழுதினால் இப்படித்தான் பதில் வரும்.

ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. லிட்டருக்கு 6 மி.கி., இ.எஸ்.ஆர். 28, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. 8.6 சதவீதம். மூட்டிலிருந்து எடுத்த நீர் 3 மி.லி., சற்றே கலங்கல், வெள்ளணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 2,800, அவற்றில் கிருமித் தொற்றில் பெருகும் நியூட்ரோஃபில் 35 சதவீதம். படிகம் இல்லை, கிராம் சாயத்தில் கிருமி இல்லை.

கிருமியா, பாலிமரா?

இந்த எண்களைப் பார்த்து ‘தொற்று இல்லை’ என்று மூடிவிடத் தோன்றும். தோளைப் பொறுத்தவரை அது தவறு. தோள்பட்டைத் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் வாழும் குட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் (2016 வரை புரோபியோனிபாக்டீரியம் என்றிருந்தது) மெதுவாக வளரும். காய்ச்சலும் வராது, சி.ஆர்.பி.யும் ஏறாமல் போகலாம். அறுவைக்குப் பின் மாதக்கணக்கில் வெறும் வலியும் இறுக்கமுமாக இருக்கும். வழக்கமான ஐந்து நாள் கல்ச்சரில் பிடிபடாது. 14 நாள் வைத்திருக்கச் சொல்லி ஆய்வகத்துக்கு எழுத வேண்டும், காற்றில்லா ஊடகத்திலும் வைக்கச் சொல்ல வேண்டும்.

மும்பையில் இன்னொன்றும் உண்டு: காசநோய். தாராவியில் வசிக்கும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத, சமீபத்தில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்ட ஒருவரின் தோளில் எலும்புக் குழியும் தடித்த சைனோவியமும் இருந்தால் அது காசநோயாக இருக்கலாம் என்ற எண்ணம் வராத மருத்துவர் இந்த ஊரில் தொழில் செய்யக்கூடாது. ஆங்கர் துண்டுகளும் காசநோயில் மிதக்கும் ‘அரிசி உருண்டைகளும்’ எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுபோலவே ஏமாற்றும். ஆகவே மூட்டு நீரிலும் பின்னர் திசுவிலும் சிபிநாட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) பார்ப்பது, மைக்கோபாக்டீரியாவுக்குத் தனிக் கல்ச்சர் வைப்பது இரண்டுமே இங்கே வழக்கமான வரிசையில் சேர வேண்டும்.

மூன்றாவது சாத்தியம், வெறும் மறுகிழிசல். சர்க்கரை, முன்கூட்டியே எடுத்த பாரம் இரண்டும் அதற்கு வலுச்சேர்க்கின்றன. எம்.ஆர்.ஐ.யிலும் முன்பக்கம் சிறிய இடைவெளி தெரிந்தது. ஆனால் மறுகிழிசல் மட்டும் இருந்தால் எலும்புக் குழி ஒரே ஒரு ஆங்கரைச் சுற்றி இப்படி விரியவும் வேண்டாம், சைனோவியம் தடிக்கவும் வேண்டாம்.

நான்காவதாகச் சிலர் எழுதும் ‘பாலிமர் ஒவ்வாமை’. அந்தச் சொல்லைத் தவிர்ப்பது நல்லது. உலோகத்துக்கு நிக்கல் ஒவ்வாமை வருவதுபோல இதற்குத் தோல் சோதனை கிடையாது, இது அந்த வகை நிகழ்வும் அல்ல. பாலிமர்ப் பொடியை விழுங்கப் பார்க்கும் மேக்ரோஃபேஜ் என்ற தற்காப்பு அணுவின் வேலை இது. யாருடைய மூட்டில் போதிய பொடி விழுந்தாலும் வரும்.

கரைதல் என்றால் என்ன, எப்போது

பி.எல்.எல்.ஏ. நீரால் வெட்டுப்படுகிறது, நொதிகளின் உதவி அதிகம் தேவையில்லை. நீர் பாலிமருக்குள் ஊறி நீண்ட சங்கிலிகளைத் துண்டாக்குகிறது. முதலில் குறைவது மூலக்கூறு எடை, அடுத்து வலு, கடைசியில்தான் கன அளவு. ஆக எட்டு ஒன்பது மாதத்தில் ஆங்கர் பலவீனமாகி நொறுங்கத் தயாராக இருக்கும், ஆனால் அதன் பொருள் ஏறக்குறைய முழுவதும் உள்ளேயேதான் இருக்கும். முழுதாக மறையப் பல ஆண்டு பிடிக்கும். லாக்டிக் அமிலமாகி, கிரெப்ஸ் சுழற்சியில் புகுந்து, கரியமில வாயுவும் நீருமாகப் போவது அந்த நீண்ட கணக்கின் கடைசி வரி.

பாலிமரின் உட்பகுதி வெளிப்பகுதியைவிட வேகமாகச் சிதைவதும் உண்டு. உள்ளே உருவாகும் அமிலம் வெளியேற வழியில்லாமல் தேங்கி, மேலும் வெட்டுகளைத் தூண்டுகிறது. பி.எல்.எல்.ஏ.யில் படிகத்தன்மை அதிகம். ஒழுங்கற்ற பகுதிகள் முதலில் போய், படிகப் பகுதிகள் கடினமான ஊசிப்பொடியாக நிற்கும். மேக்ரோஃபேஜும் பல உட்கருக்கொண்ட பூத அணுக்களும் அந்தப் பொடியைச் சூழ்ந்து, அவை வெளிவிடும் சைட்டோகைன்கள் எலும்பைத் தின்னும் ஆஸ்டியோகிளாஸ்டை எழுப்புகின்றன. எலும்புக் குழி விரிவது இப்படி.

பாலிகிளைகாலிக் அமிலம், பி.ஜி.ஏ., இதற்கு நேர்மாறு. அவசரக்காரன். வாரங்களில் வலு இழக்கும், மாதங்களில் கரையும், ஒரேயடியாக அமிலத்தைக் கொட்டும். ஹெல்சிங்கியில் 1984இல் கணுக்கால் முறிவுக்கு பி.ஜி.ஏ. குடும்பத்து ஆணிகளை முதலில் பயன்படுத்தினார்கள். அங்கிருந்து பின்னர் வெளியான 2,528 நோயாளிகளின் கணக்கில், பி.ஜி.ஏ. போட்ட 2,037 பேரில் 107 பேருக்கு (5.3 சதவீதம்) சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு எதிர்வினை வந்தது. பி.எல்.எல்.ஏ. போட்ட 491 பேரில் ஒருவருக்கு மட்டும். பி.ஜி.ஏ.யில் சராசரியாக 11 வாரத்தில் வந்தது, பி.எல்.எல்.ஏ.யில் அந்த ஒருவருக்கு நான்கு ஆண்டு கடந்து. இந்தப் பட்டியலைப் பார்த்தால் பி.எல்.எல்.ஏ. தோளுக்குள்ளும் பாதுகாப்பானது என்றே தோன்றும். அவை முறிவுக்குப் போட்ட ஆணிகள், பெரும்பாலும் எலும்புக்குள் புதைந்தவை. மூட்டுக்குள் நீட்டிக்கொண்டு, நூலால் இழுபட்டு, தலை ஓயாமல் உரசும் ஆங்கருக்கு அதே கணக்கு பொருந்தாது.

பொருந்தவில்லை என்பது 2013இல் தெளிவாக வெளிவந்தது. பி.எல்.எல்.ஏ. ஆங்கர் போட்டு, தொந்தரவு வந்து, மறு அறுவைக்கு வந்த 44 தோள்களின் தொகுப்பு அது. பாதிக்கும் மேற்பட்டவற்றில் மூட்டுக்குள் கண்ணுக்குத் தெரியும் ஆங்கர் துண்டுகள். திசு எடுத்தவர்களில் 84 சதவீதத்தில் பூத அணு எதிர்வினை. 70 சதவீதத்தில் மூன்றாம் அல்லது நான்காம் தரக் குருத்தெலும்புச் சேதம், அதாவது ஆழமான தேய்வு. அவர்கள் எல்லாருமே மறு அறுவை வரை வந்தவர்கள். ஆகவே இது ‘பி.எல்.எல்.ஏ. போட்டால் 70 சதவீதம் குருத்தெலும்பு போய்விடும்’ என்ற கணக்கு அல்ல. இந்தத் தொந்தரவோடு வருபவரைக் காத்திருக்கச் சொன்னால் எதை இழப்பார் என்பதற்கான கணக்கு.

மறு அறுவை

பத்தாம் மாதம். சர்க்கரையை முதலில் இறக்கினார்கள். சாப்பிடும் முன் 140க்குக் கீழே நிற்க மூன்று வாரம் இன்சுலின் தேவைப்பட்டது. கல்ச்சர் பொய்யாகத் தெளிவாகிவிடக் கூடாது என்பதால் அறுவைக்கு முன் இரண்டு வாரமாக எந்த ஆன்டிபயாடிக்கும் இல்லை, மேசையில் படுத்த பிறகும் மாதிரி எடுத்து முடியும்வரை இல்லை. மயக்கவியல் குழு வழக்கப்படி முன்கூட்டியே போட்டுவிடும், அதனால் இதை வெள்ளைப் பலகையில் எழுதி வைப்பது அவசியம்.

மூட்டுக்குள் கேமரா போனதும் சைனோவியம் பாசிபோல விரல்விரலாக நீண்டு மிதந்தது. தண்ணீர் ஓட்டத்தில் வெண்ணிறத் துண்டுகள் சுழன்றன. எண்ணி எடுத்தவை ஏழு, பெரியது 6 மி.மீ. முன் உள்வரிசை ஆங்கரின் தலைப்பகுதி உடைந்து போயிருந்தது. மிஞ்சிய தண்டு, குருத்தெலும்பு விளிம்பிலிருந்து 2 மி.மீ. துருத்திக்கொண்டு, கொக்கியால் தொட்டால் ஆடியது. அதற்கு நேரெதிரே மேற்கை எலும்புத் தலையில் 12க்கு 15 மி.மீ. அளவில் மூன்றாம் தரத் தேய்வு, அந்தத் தலை பொருந்தும் தோள்பட்டைக் குழியான கிளீனாய்டில் அதற்கு ஈடான ஒரு கீறல். தசைநாணின் பின்பாதி எலும்போடு நன்றாக ஒட்டியிருந்தது. முன்பக்கம் 8 மி.மீ. இடைவெளி, அதில் தளர்ந்த நூல்.

வேலையின் வரிசை இது. முதலில் திசு மாதிரி, ஒவ்வொன்றும் தனித் தனிக் கருவியால், ஐந்து இடத்திலிருந்து: மூன்று சைனோவியம், ஒன்று குழிச்சுவர், ஒன்று ஆங்கரை ஒட்டிய சவ்வு. ஒரே கருவியை எல்லா இடத்துக்கும் போட்டால் ஓரிடத்துத் தோல் கிருமி எல்லா மாதிரியிலும் ஏறி, பொய்யாக ‘ஐந்தில் ஐந்து பாசிட்டிவ்’ ஆகிவிடும். ஒவ்வொன்றிலும் பாதி கல்ச்சருக்கு, பாதி ஃபார்மலினில். பிறகுதான் செஃபசோலின் 2 கிராம்.

அடுத்து துண்டுகள். திசுவை வெட்டி இழுக்கும் ஷேவர் உறிஞ்சியை முதலிலேயே போட்டால் சிறு துண்டுகள் பொடியாகி எங்கும் பரவும். கிராஸ்ப்பர் என்ற பிடிகருவியால் பெரியவற்றை முழுதாக எடுத்து, பிறகே ஷேவர். கக்கப் பை, பைசெப்ஸ் நீள்தலையின் உறை, சப்ஸ்காப்புலாரிஸின் பின்புறச் சந்து மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும், துண்டு ஒதுங்கும் இடங்கள் அவைதாம். ஆடிய தண்டை கிராஸ்ப்பரால் சுழற்றி எடுத்தார்கள். பர் என்ற சுழல் அரத்தை வைத்து மழித்துவிட்டு மிச்சத்தை எலும்பிலேயே விடுவது எளிது. அறுவை நேரம் கால் மணி மிஞ்சும். ஆனால் சூட்டில் மெழுகான பாலிமர்ப் பொடியை மூட்டுக்குள் தூவிவிட்டு வெளியே வருகிறோம் என்றாகும்.

குழிச்சுவரிலிருந்த சவ்வை வளைகரண்டியால் சுரண்டி, ரத்தம் கசியும் எலும்பு தெரியும்வரை போய், தானம் பெற்ற எலும்புச் சில்லுகளைத் திணித்து அடைத்தார்கள். அதே குழியில் பெரிய ஆங்கரைத் திருக்கும் வழக்கமும் உண்டு. 9 மி.மீ. ஆன குழியில், மெல்லிய சுவரில், அதை நம்ப இயலாது. முன்பக்க இடைவெளிக்கு, குழியிலிருந்து 8 மி.மீ. தள்ளி நல்ல எலும்பில் முழுவதும் நூலால் ஆன ஆங்கர் இரண்டு. வெளி வரிசைக்கு பீக் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஓர் ஆங்கர். பீக் கரையாது, எம்.ஆர்.ஐ.யைக் கெடுக்காது. பின் உள்ஆங்கரும் பழைய வெளி ஆங்கர்களும் அசையாமல் இறுகி இருந்ததால் அவற்றைத் தொடவில்லை. ‘வந்த வேலையோடு எல்லாவற்றையும் எடுத்துவிடலாமே’ என்ற எண்ணம் வரும். ஒட்டிய தசைநாணைப் பிரித்து அசையாத ஆங்கரைப் பிடுங்குவது இருக்கும் வீட்டை இடிப்பது.

கடைசியாகக் கழுவல்: 9 லிட்டர் உப்புநீர், கையை எல்லாக் கோணத்திலும் அசைத்தபடி.

திசு ஆய்வில் வெளிப்பொருளைச் சூழ்ந்த பூத அணுக்கள், துருவ ஒளியில் பளீரென ஒளிரும் படிகத் துகள்கள், காசநோயைக் காட்டும் பாலாடைக்கட்டி போன்ற சிதைவுள்ள கிரானுலோமா (அழற்சி அணுக்கட்டி) எங்கும் இல்லை, நியூட்ரோஃபில் சொற்பம். ஐந்து மாதிரியும் 14 நாளில் கிருமியின்றித் தெளிவு. சிபிநாட் எதிர்மறை, மைக்கோபாக்டீரியக் கல்ச்சர் ஆறாவது வாரமும் எதிர்மறை. நோயியல் வல்லுநரிடம் ‘துருவ ஒளியில் பாருங்கள்’ என்று சீட்டில் எழுதாவிட்டால் சாதாரண ஒளியில் பி.எல்.எல்.ஏ. கண்ணில் படாமலே போகலாம், ‘நாட்பட்ட அழற்சி’ என்ற ஒற்றை வரியோடு அறிக்கை வரும்.

ஏன் அந்த ஓர் ஆங்கர் மட்டும்

நான்கும் ஒரே பாலிமர், ஒரே நாள், ஒரே உடல். பாலிமர்தான் முழுக் காரணம் என்றால் நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோலக் கெட்டிருக்க வேண்டும். கெட்டது ஒன்று. அந்த ஒன்று குருத்தெலும்பு விளிம்பை ஒட்டியது, முழுதாக அமிழாதது, பாரம் முதலில் ஏறும் முன்பக்கத்தில் இருந்தது. ஆகவே முதலில் நடந்தது இயந்திரக் கோளாறு, பாலிமர் எதிர்வினை அதைத் தொடர்ந்து வந்தது என்று படிப்பதே பொருத்தம். தொடக்கத்திலேயே சற்றுத் துருத்தியிருந்த ஆங்கர் நான்காம் வாரத்திலிருந்து இழுபட்டு ஆடியது. ஆட்டத்தில் மூட்டு நீர் குழிக்குள் பம்பு அடிப்பதுபோல் புகுந்தது. ஆறு மாதத்துக்குப் பின் பாலிமர் வலு குறைந்ததும் தலை உடைந்தது. உடைந்த தலை மூட்டுக்குள் அரைக்கும் கல்லானது. அரைபட்ட பொடி சைனோவியத்தைக் கிளப்பியது.

பி.எல்.எல்.ஏ. ஆங்கரைத் திருகும்போது செய்யும் பிழைகளுக்கு ஆறேழு மாதம் கழித்துத்தான் விலை கொடுக்கிறோம். உலோக ஆங்கர் தன் வழியைத் தானே வெட்டிக்கொள்ளும், இது வெட்டாது. எலும்பு கெட்டியாக இருந்தால் துளையிடும் பஞ்ச் மட்டும் போதாது, மரை வெட்டும் டேப் போட்டே ஆக வேண்டும். திருகியின் முனை ஆங்கருக்குள் கடைசிவரை போயிருக்க வேண்டும், பாதி நுழைந்த திருகி தலையைப் பிளக்கும். துளையிட்ட கோணமும் திருகும் கோணமும் ஒன்றாக இருக்க வேண்டும். துளை போட்டபின் உதவியாளர் கையைச் சற்றே சுழற்றிவிட்டால்கூடக் கோணம் மாறிவிடும், கழுத்தில் முறிவது பெரும்பாலும் இதனால். இறுக்கம் திடீரென ஏறினால் அரைச் சுற்றுப் பின்னுக்கு எடுத்து, மறுபடி டேப் போட வேண்டும். கடைசியில் கேமராவைத் துளையின் நேர்மேலே கொண்டுவந்து பார்க்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் 2 மி.மீ. துருத்தல் மட்டமாகவே தெரியும்.

ஸ்டெரிலைசேஷன் பற்றி ஒரு வார்த்தை. பெட்டி திறந்து, பயன்படுத்தாத ஆங்கரை மறுபடி கிருமிநீக்கம் செய்து வைக்கும் பழக்கம் சிக்கனமான இடங்களில் இன்னும் ஒழியவில்லை. பி.எல்.எல்.ஏ.யின் கண்ணாடிநிலை மாறும் வெப்பம் 60 முதல் 65 பாகை செல்சியஸ். ஆட்டோகிளேவின் 121 பாகை நீராவியில் அது உருவமும் கெட்டு, நீரால் வெட்டவும் படும். காமா கதிரை மறுபடி கொடுத்தால் மூலக்கூறு எடை மேலும் விழும். மும்பை மழைக்கால ஈரத்தில் திறந்து பத்து நிமிடம் மேசையில் கிடந்ததால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் கிழிந்த ஃபாயில் உறையோடு அலமாரியில் மாதக்கணக்கில் இருந்தது வேறு கதை. இந்த நோயாளியின் ஆங்கர்களின் லாட், காலாவதித் தேதி இரண்டும் சரியாகவே இருந்தன, அந்தச் சந்தேகம் இங்கே விலகியது.

பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் கலந்த புதிய கலப்பு ஆங்கர்கள் அமிலத்தை ஓரளவு சமன்செய்கின்றன, எலும்பு உள்ளே வளரவும் இடம் கொடுக்கின்றன. ஆயினும் அவற்றைச் சுற்றியும் நீர்க்குழி வருகிறது. அறிகுறி இல்லாமல், தசைநாண் ஒட்டியிருந்து, குழி மட்டும் எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தால் கத்தி எடுக்க வேண்டியதில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அவற்றில் கணிசமானவை தாமே அடங்கும். பூட்டலும் கரகரப்பும் வந்துவிட்டால் அந்தப் பொறுமை பொருந்தாது.

தோளுக்கு வெளியே முகம் மாறும். முழங்கால் ஜவ்வுக்குத் தொடைத் தசைநாணை ஒட்டுப்போட்டு, கணைக்கால் எலும்பில் கரையும் திருகு வைத்தவருக்கு, ஓரிரு ஆண்டு கழித்து முழங்காலுக்குக் கீழே தோலடியில் வலியில்லாத கட்டி வரும். அறுத்தால் மாவுபோன்ற வெண்குழம்பு, கல்ச்சரில் ஒன்றும் வளராது. குதிநாண் தைப்பில் கரையும் நூலின் முடிச்சு மெல்லிய தோலுக்கு அடியில் உறுத்தி, சிவந்து, கசியும். சீழ் என்று நினைத்து வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். கசிவது பெரும்பாலும் முடிச்சு வெளியேறும் வழி. முடிச்சை எடுத்தால் ஆறும்.

பின்தொடர்தல்

இம்முறை கைத்தொட்டில் ஆறு வாரமும் கழற்றப்படவில்லை. மகன் கோயம்புத்தூர் வேலையை விட்டு வந்து அண்டா தூக்கினான். ஆறாம் வாரத்திலிருந்து தானாக அசைத்தல், பன்னிரண்டாம் வாரத்திலிருந்து ரப்பர் பட்டைப் பயிற்சி, பாரம் ஆறு மாதத்துக்குப் பின்பே. ஓராண்டில் வலி பத்துக்கு இரண்டு, கை 145 பாகை, பூட்டல் இல்லை. எச்.பி.ஏ.1சி. 7.1. சி.டி.யில் எலும்புச் சில்லுகள் குழியோடு இணைந்துவிட்டன. குருத்தெலும்புத் தேய்வு அப்படியே இருக்கிறது, குளிர்ந்த காலையில் கரகரப்பு உண்டு, தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வராது என்று அவரிடம் சொல்லியாயிற்று. 25 கிலோ அண்டாவுக்குப் பதில் 12 கிலோ பாத்திரம் இரண்டு வாங்கியிருக்கிறார்.

நிகழ்வு, மருத்துவக் கருவிகளால் வரும் கெடுதல்களைக் கண்காணிக்கும் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்தின் படிவத்தில் லாட் எண்ணோடு பதிவு செய்யப்பட்டது. 2015 ஜூலையில் தொடங்கிய இத்திட்டத்துக்குக் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் ஒருங்கிணைப்பு மையம். கருவி கெட்டதா, கை தவறியதா என்று நிச்சயமாகத் தெரியாவிட்டாலும் பதியலாம், காரணத்தை நிறுவுவது பதிபவரின் பொறுப்பு அல்ல.

அவர் தோளில் இன்னும் மூன்று பி.எல்.எல்.ஏ. ஆங்கர்கள் இருக்கின்றன. பின் உள்ஆங்கரைச் சுற்றிய நீர் ஓராண்டு எம்.ஆர்.ஐ.யிலும் முதல் தரத்திலேயே நிற்கிறது. அடுத்த படம் இரண்டாம் ஆண்டில், அதன் பின் நான்காம் ஆண்டில். இடையில் கை ஒருமுறை பூட்டினாலும் அன்றே வரச் சொல்லி, ஆங்கர் வகை, அளவு, லாட் எண் எல்லாம் தமிழிலும் மராத்தியிலும் எழுதிய அட்டை ஒன்று அவருடைய கடை விலைப்பட்டியலுக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கிறது.